அத்தையின் கண்ணுக்கு வயது குறைந்த கதை

என் மாமியாருக்கு அறுபதைத் தாண்டிய பிறகு கண்ணுக்கு இளமை திரும்பியது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, அவரே அறிவித்தார். வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்குக் காய்கறி வண்டி தள்ளி வருகிறவர், கேஸ் சிலிண்டர் இறக்குகிறவர், எதிர்வீட்டில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கும் அக்கா என்று ஒருவர் விடாமல் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தெருவில் எதிர்வீட்டில் மட்டும்தான் போன் இருந்தது. செய்தி பரவுவதற்கு அதனால் எந்தக் குறையும் வந்ததில்லை.

நடந்தது இதுதான். பேப்பர் படிப்பதற்கென்று அத்தை வெகுகாலமாக ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை அதைத் துடைக்கக் கழற்றியவர் தற்செயலாகப் பேப்பரைப் பார்த்திருக்கிறார். எழுத்து முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தின் அடியில் பொடியாகப் போட்டிருக்கும் பேரன் பேத்திகளின் பெயர்கள் வரைக்கும் தெரிந்திருக்கிறது. அன்று முதல் அவர் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெறும் கண்ணால், உரக்கப் பேப்பர் படிக்கத் தொடங்கினார். டெண்டர் அறிவிப்புகளைக்கூட விட்டுவைக்கவில்லை.

“இந்த வயசுல கண்ணாடி இல்லாமப் பேப்பர் படிக்கிறவ இந்தத் தெருவுல எவ இருக்கா, சொல்லு பாப்போம்” என்று என்னைக் கேட்பார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஓடுவேன். அவருக்கு அதுவே போதுமான பதிலாக இருந்தது.

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் ஆறாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போட்டவள். சோடாபுட்டி என்றால் அலங்காரமாகச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அதைக் கழற்றிவிட்டால் எதிரில் நிற்பது கணவரா கதவா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் அதிகம் பேசுவதில்லை என்பதால் அந்தக் குழப்பம் கொஞ்ச நேரம் நீடிக்கும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அத்தை சொன்ன முதல் வாக்கியம், “கண்ணாடியக் கழட்டச் சொல்லுங்க, மொகத்தப் பாக்கணும்ல” என்பதுதான். கழற்றினேன். அவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. பெண் பார்க்கும் சடங்குக்கு அவ்வளவுதானே பொருள்.

கண் இளமையானதற்கு அத்தை கண்டுபிடித்த காரணம் பொன்னாங்கண்ணிக் கீரை. அந்த வருஷம் எங்கள் வீட்டில் அது பொரியலாக, கூட்டாக, கடைசலாக, தோசை மாவில் கலந்து, எல்லா வழியிலும் வந்தது. பக்கத்துத் தெருப் பெண்கள் யோசனை கேட்டு வந்தார்கள். தலைவலிக்கு வந்தவர்களுக்கும் பொன்னாங்கண்ணிதான். “எம் மருமகளப் பாருங்க, கீரையைக் கண்டா மொகத்தத் திருப்புவா. அதான் கண்ணு அம்புட்டு மோசமாப் போச்சு” என்று எடுத்துக்காட்டாக என்னையும் வாசலுக்கு அழைப்பார். நான் போய் நிற்பேன். மருத்துவத்துக்கு உதவி செய்வது நல்ல காரியம்.

இதில் வேடிக்கை, நான் அறிவியல் ஆசிரியை. வருஷா வருஷம் கரும்பலகையில் பெரிய கண்ணை வரைந்து பிள்ளைகளுக்கு விளக்குவேன். வெளிச்சம் முதலில் கருவிழியின் மேலே இருக்கும் கண்ணாடி போன்ற படலத்தில் நுழைந்து வளைகிறது. உள்ளே இருக்கும் லென்ஸ் மிச்சத்தைச் சரிசெய்து பின்பக்கத்துத் திரையில் விழவைக்கிறது. கிட்டத்தில் பார்க்கும்போது அந்த லென்ஸ் உப்புகிறது, தூரத்தில் பார்க்கும்போது தட்டையாகிறது. வயதானால் லென்ஸ் விறைத்துப்போய் உப்ப மறுக்கிறது. அதனால்தான் நாற்பதைத் தாண்டியவர்கள் பேப்பரைக் கைக்கு எட்டியவரை தள்ளிப்பிடித்துப் படிக்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்குக் கண் பந்து கொஞ்சம் நீண்டு போனதால் தூரத்து உருவம் திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. அதற்குக் குழிலென்ஸ். இவ்வளவையும் மனப்பாடமாகச் சொல்லும் எனக்கு, விறைத்துப்போக வேண்டிய வயதில் அத்தையின் லென்ஸுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று கேட்கத் தோன்றவில்லை. பாடப்புத்தகத்தில் கிட்டப்பார்வை என்றால் ஒரு பையன் படம் இருக்கும், வெள்ளெழுத்து என்றால் ஒரு கிழவர் படம் இருக்கும். புத்தகத்தில் படம் இல்லாத ஒன்றை எந்த ஆசிரியை நம்புவாள்?

கிட்டத்தில் இளமை திரும்பிய அதே சமயத்தில் தூரத்தில் உலகம் கெட்டுப்போகத் தொடங்கியது. அத்தையின் கணக்குப்படி அது முழுக்க உலகத்தின் தவறு. பஸ்ஸில் போர்டு எழுதுகிறவர்களுக்கு இப்போதெல்லாம் கை நடுங்குகிறது. தெருவிளக்கைச் சுற்றி வட்டமாக வெளிச்சம் சிதறுகிறது, பல்பு மட்டம். எல்லாவற்றிலும் மோசம் டிவி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போட்டதும் என் கணவரை மாடிக்கு அனுப்பிவிடுவார்.

“தம்பி, ஆன்டெனாவக் கொடைக்கானல் பக்கம் திருப்புடா.”

“திருப்பிட்டேன்மா. தெரியுதா?”

“மங்கலாத்தான் இருக்கு. இன்னுங் கொஞ்சம் திருப்பு.”

கீழே உட்கார்ந்திருந்த எனக்குப் படம் பளிச்சென்று தெரியும். சொன்னேன். “சோடாபுட்டிக்கு எல்லாம் தெரியும்” என்று பதில் வந்தது. என் கணவர் பாதிப் படத்தை மாடியிலேயே கழித்தார். அத்தை நாற்காலியை ஒவ்வொரு வாரமும் டிவிக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டே போனார். கடைசியில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு அவருடைய கொண்டைதான் படம்.

இந்த அளவில் இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. காளவாசலுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது.

என் நாத்தனாரை டி. கல்லுப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுடைய மாமியார், அதாவது எங்கள் சம்பந்தியம்மா, மரியாதையை எடைபோட்டு வாங்குகிறவர். அவர் அந்தக் கல்யாணத்துக்கு மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். செருப்பைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு வருவதற்காக நான் பின்தங்கியிருந்தேன். உள்ளே நுழையும்போது நடந்ததைக் கண்ணால் பார்த்தேன், தடுக்கத்தான் முடியாத தூரம். சம்பந்தியம்மா அத்தையைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றார், கையைத் தூக்கினார். அத்தை அவர் முகத்தை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு, கம்பத்தைத் தாண்டிப் போவதுபோலத் தாண்டிப்போனார்.

அதோடு விட்டாரா? கொஞ்சம் தள்ளி இன்னொரு மாம்பழ நிறப் பட்டுப்புடவை உட்கார்ந்திருந்தது. அத்தை நேராக அங்கே போய் அந்த அம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “மதினி, ஒங்களப் பாத்தாத்தான் எனக்கு மனசு நெறையுது. எம் மகள ஒங்க கையில குடுத்ததுக்கு நா எம்புட்டுக் குடுத்து வச்சிருக்கணும்” என்று உருகினார். அந்த அம்மாள் சம்பந்தியம்மாவின் ஓரகத்தி. கொல்லைச் சுவர் விவகாரத்தில் இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் அத்தையின் பாராட்டைத் திருத்தாமல், மண்டபத்துக்கே கேட்கும்படி சிரித்து ஏற்றுக்கொண்டார். சம்பந்தியம்மா பந்திக்கு உட்காரவில்லை. சாப்பிடாமல் பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆடிக்கு அழைக்கப்போன என் கணவரிடம் “ஆள அடையாளம் தெரியாதவக வீட்டுக்கு எங்க மருமக எதுக்கு வரணும்?” என்று கேட்டு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எதிர்வீட்டு போனில் நாத்தனார் அழுதாள்.

வீட்டில் விசாரணை நடந்தது. அத்தை திட்டவட்டமாகச் சொன்னார்: “அவ அங்க இருந்தா எனக்குத் தெரியாமப் போயிருமா? எங் கண்ணப் பத்தி ஊருக்கே தெரியும். அவ அங்க இல்ல.”

“நான் பாத்தேனே அத்தை, எந்திரிச்சு நின்னாங்க.”

“நீ பாத்த லட்சணம்!”

இந்த வாதத்தில் இருந்த சிக்கலை அவர் உணர்ந்தாரா தெரியவில்லை. கண் நன்றாக இருக்கிறது என்றால் வேண்டுமென்றே அவமதித்தார் என்று ஆகிறது. அவமதிக்கவில்லை என்றால் கண் போய்விட்டது என்று ஆகிறது. அத்தை கர்வக்காரி என்ற பெயரை வாங்கத் தயாராக இருந்தார். பார்வை இல்லாதவள் என்ற பெயரை வாங்கத் தயாராக இல்லை. என் கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு மாடிக்குப் போய் ஆன்டெனாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு யாரும் அவரை அனுப்பவில்லை.

அந்தச் சமயத்தில் எனக்குக் கண்ணாடி பவர் மாற்றவேண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து ஊற்றினால் கண்பாவை விரிந்து கொஞ்ச நேரம் வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. “துணைக்கு வாங்க அத்தை, மருந்து ஊத்தினா எனக்கு ரோடு தெரியாது” என்று கூப்பிட்டேன். இதில் உள்நோக்கம் ஏதாவது இருந்ததா என்று என் கணவர் பிற்பாடு கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன்.

அத்தை பட்டுக்கரை போட்ட சேலை கட்டிக்கொண்டு, கண் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லப்போகும் பெருமிதத்தோடு வந்தார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்குப் பொன்னாங்கண்ணியின் செய்முறை கிடைத்தது. என்னைப் பரிசோதித்த டாக்டர் இளவயதுப் பெண். அத்தை அவரிடமும் ஆரம்பித்துவிட்டார்: “எங் கண்ணு முன்ன வெள்ளெழுத்தாத்தான் இருந்துச்சு. இப்பக் கண்ணாடியே வேணாம்னு தூக்கிப் போட்டுட்டேன்.”

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “அப்படியா? ஒருதடவை நானும் பாத்துக்கிறேனே பாட்டிம்மா.”

பாட்டிம்மா என்றதற்காக முகத்தைச் சுளித்தாலும், பார்க்கவேண்டிய கண்ணை ஒரு டாக்டர் பார்க்கட்டும் என்று அத்தை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சுவரில் எழுத்துப் பலகை வெளிச்சத்தோடு தொங்கியது. மேலே ஒற்றை எழுத்து, பூசணிக்காய் அளவு.

“என்ன எழுத்து பாட்டிம்மா?”

“எங்க?”

“அந்தச் செவத்துல.”

அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார். “எழுத்து ஒண்ணும் எழுதலையே. வெறும் லைட்டுதான் எரியுது.”

டாக்டர் ஓர் அட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார். அத்தை அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த எறும்பு சைஸ் வரியைத் தடங்கல் இல்லாமல் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மறுபடியும் வாசலில் எடுத்துக்காட்டாக நிற்பது போன்ற ஒரு பார்வை.

டாக்டர் அவர் தாடையை ஒரு கருவியில் வைக்கச்சொல்லி விளக்கு அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். “புரை விழுந்திருக்கு பாட்டிம்மா. ரெண்டு கண்ணுலயும்.”

“புரை விழுந்தா கண்ணு தெரியாதுல்ல? எனக்குத் தெரியுதே!”

“எல்லாப் புரையும் ஒண்ணுபோல இருக்காது. ஒங்களுக்கு லென்ஸோட நடுப்பாகம் இறுகிப்போயிருக்கு. இறுகினா வெளிச்சத்தக் கூடுதலா வளைக்கும். அதனால கிட்டத்துல இருக்கறது கண்ணாடி இல்லாமயே தெரியும், தூரம் போயிரும். கண்ணு நல்லாயிருச்சுன்னு பலபேர் நெனச்சுக்குவாங்க. போகப்போகக் கிட்டத்துலயும் மங்கிரும்.” பிறகு அவர் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் சிரித்துக்கொண்டே சேர்த்துச் சொன்னார்: “இப்பக் கண்ணாடிக் கணக்குப்படி பாத்தா ஒங்களுக்கும் ஒங்க மருமகளுக்கும் ஒரே கோளாறுதான். கிட்டப்பார்வை.”

எனக்குத் திருமணமாகி அத்தனை வருஷத்தில் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது என்று முதன்முதலில் சொன்னவர் அந்த டாக்டர்தான்.

திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்தில் எனக்கு வெயில் ஊசியாகக் குத்தியது, கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். ஒவ்வொரு பஸ் வரும்போதும் யாரிடமாவது எந்த ஊர்ப் பஸ் என்று கேட்டார். போர்டு எழுதுகிறவர்களைத் திட்டவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

“வீட்ல சொல்லாத.”

“எத அத்தை?”

“அந்த ஒத்த எழுத்து தெரியலங்கிறத.”

நான் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கும் அவர் சம்மதிக்கவில்லை. கண்ணைக் கிழித்தால் இருப்பதும் போய்விடும் என்று காய்கறிக்காரர் சொன்னாராம். பிறகு நாத்தனாருக்கு ஏழாம் மாதம் நெருங்கியது. வளைகாப்புக்கு என்னையும் கணவரையும் அழைத்தார்கள். அத்தையைப் பற்றி வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அத்தை பேப்பர் படிக்கவில்லை. சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்ததும், “அந்தப் பொண்ணு டாக்டரு என்னைக்கு வரச்சொன்னா?” என்று கேட்டார்.

முதலில் ஒரு கண்ணுக்குச் செய்தார்கள். இறுகிப்போன லென்ஸை எடுத்துவிட்டு உள்ளேயே ஒரு செயற்கை லென்ஸை வைத்தார்கள். மறுநாள் கட்டைப் பிரித்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அத்தை ஜன்னலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார். உருக்கமான ஒரு வார்த்தையை எதிர்பார்த்துக் கொஞ்சம் குனிந்தேன்.

“ஏத்தா, ஒனக்கு மொகமெல்லாம் மங்கு விழுந்திருக்கே. எப்ப இருந்து?”

வீட்டுக்கு வந்ததும் ஆய்வு தொடங்கியது. ஒரு கண்ணில் சொட்டு மருந்து, மேலே கறுப்புக் கண்ணாடி, குனியக்கூடாது, தலைக்கு ஊற்றக்கூடாது. பார்க்கக்கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. மின்விசிறி இறக்கையில் தூசி. அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு. டம்ளருக்கு அடியில் கறை. “இம்புட்டு அழுக்குலயா நா இத்தனை நாளு காப்பி குடிச்சேன்?” பச்சை என்று நினைத்துக் கட்டிக்கொண்டிருந்த சேலை நீலமாக இருந்தது. கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று கொஞ்ச நேரம் சண்டை போட்டார். பிறகு ஆபரேஷன் செய்த கண்ணையும் செய்யாத கண்ணையும் மாற்றி மாற்றி மூடி, அதே சுவர் ஒரு கண்ணுக்கு வெள்ளையாகவும் மறு கண்ணுக்கு டீத்தண்ணி போலவும் தெரிவதைக் கண்டுபிடித்தார். பழுத்துப்போன லென்ஸ் நீலத்தை வடிகட்டிவிடும் என்று நான் விளக்கினேன். அவர் கேட்கவில்லை, எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன். அத்தை பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தார். கறுப்புக் கண்ணாடி கையில் இருந்தது. கன்னத்தை ஒரு விரலால் இழுத்துவிட்டுப் பார்த்தார். விரலை எடுத்ததும் சுருக்கம் பழையபடி வந்து படிந்தது.

“நா எப்பத்தா இப்பிடி ஆனேன்?” என்றார். என்னைத்தான் கேட்டாரா, தெரியவில்லை.

“மருந்து ஊத்துற நேரம் அத்தை, படுங்க” என்றேன். படுத்தார். மருந்து ஊற்றினேன். கண்ணோரத்தில் வழிந்ததை ஒற்றி எடுத்தேன். மருந்துதான் வழிந்தது என்று வைத்துக்கொண்டோம்.

வளைகாப்புக்கு மூன்று பேரும் போனோம். டி. கல்லுப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அத்தை கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். வாசலில் சம்பந்தியம்மா நின்றிருந்தார். எங்கள் இருவரையும் வாங்க என்றார், அத்தையைப் பார்த்ததும் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். என்ன சமாதானம் சொல்லப்போகிறார், யார்மேல் பழி போடப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். பல்பு, பெயின்டர், புடவைக்கடைக்காரர் என்று அவரிடம் ஆள் நிறைய இருந்தது.

“மதினி, அன்னைக்கு நா ஒங்களப் பாக்கல. கண்ணு தெரியல. சேலையப் பாத்து ஆளத் தப்பாப் புடிச்சிட்டேன். வெளிய சொல்ல வெக்கமாப் போச்சு.”

சம்பந்தியம்மா கதவை விட்டுத் திரும்பி அத்தையைப் பார்த்தார். இவ்வளவு நாள் சேர்த்துவைத்த பதில்கள் ஒன்றுக்கும் இப்போது இடமில்லாமல் போனது அவருக்குக் கொஞ்சம் நஷ்டமாகத்தான் இருந்திருக்கும். பிறகு அத்தையின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். நாத்தனார் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். வளையல் அடுக்கி முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனபோது, சம்பந்தியம்மா அத்தையைச் சமையல்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டுபோய்க் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது.

“எந்த டாக்டரு மதினி? எனக்கும் கொஞ்ச நாளா எதுக்க வர்ற லைட்டெல்லாம் செதறுது. வீட்ல சொல்லல.”

அதன் விளைவாகப் பிரசவத்துக்கு நாத்தனாரையும், கண் ஆபரேஷனுக்கு அவளுடைய மாமியாரையும் ஒரே காரில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். லாட்ஜில் தங்கிக்கொள்கிறேன் என்ற சம்பந்தியம்மாவை அத்தை விடவில்லை. வீடு பெரிசு, மருமகள் இருக்கிறாள், அவளுக்குச் சொட்டு மருந்து ஊற்றிப் பழக்கம் என்று சொல்லியிருக்கிறார். மூன்றில் இரண்டுதான் உண்மை. ஊரில் அவளவள் ஒரு மாமியாருக்கே வழிதெரியாமல் நிற்கும்போது, என் வீட்டுக் கூடத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட இரண்டு மாமியார்கள் அடுத்தடுத்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தைக்கும் அப்போதுதான் இரண்டாவது கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. காலை, மதியம், மாலை என்று வேளைக்கு மருந்து ஊற்றினேன். எந்தக் கண் யாருடையது என்பதே சில சமயம் குழம்பிப்போகும். நாத்தனாருக்குப் பெண் பிறந்தபோது இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று மூக்கு யாருடையது என்று வாதாடினார்கள். இரண்டு பேருக்கும் அப்போது மூக்கு தெளிவாகத் தெரிந்தது என்பதுதான் பிரச்சினை.

கட்டுப் பிரித்துச் சில நாள் ஆன ஒரு சாயங்காலம் சம்பந்தியம்மா கூடத்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். நான் காப்பி கொண்டுவந்துகொண்டிருந்தேன்.

“மதினி, ஒங்க மருமக வீட்ட நல்லாத்தான் வச்சிருக்கா” என்றார்.

அத்தை டம்ளரை வாங்கி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இன்னும் ஒரு வாரம் போகட்டும் மதினி. கண்ணு நல்லாத் தெளியட்டும், அப்பறம் சொல்லுங்க.”